திரும்பி வருவேன் என்று சொல்லிப் போனவள்

மேரி கியூரியைப் பற்றி எங்கள் பாடப்புத்தகத்தில் இருந்தது இரண்டு மூன்று வரிகள்தான். ரேடியத்தைக் கண்டுபிடித்தவர், இரண்டு முறை நோபல் பரிசு பெற்றவர். பரீட்சைக்கு அது போதும். சென்ற டிசம்பர் விடுமுறையில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு பேச்சுத்தான் அவரது வாழ்க்கையை முழுமையாகப் படிக்க என்னைத் தூண்டியது.

ராத்தாவுக்கு வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. போகட்டும் என்றார் வாப்பா. உம்மா எதுவும் சொல்லாமல் குசினிக்குள் போய்விட்டார். உம்மும்மா மட்டும், படிக்கப் போன எந்தப் பிள்ளை திரும்பி வந்திருக்கிறது என்று கேட்டார். எங்கள் தெருவில் போன பிள்ளைகளை வீடு வீடாக விரல் மடித்து எண்ணியும் காட்டினார். யாரிடமும் பதில் இருக்கவில்லை. விடுமுறைக்கு முன் கல்லூரி நூலகத்திலிருந்து நான் எடுத்து வந்த புத்தகங்களில் மேரி கியூரியின் வாழ்க்கை வரலாறும் ஒன்று. அன்றிரவு அதைத் திறந்தேன். உம்மும்மாவின் கேள்வி அதில் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது.

படிக்கும் காலம் முடியும்வரை அவரை நான் அவள் என்றே எழுதப் போகிறேன். மரியாதைக் குறைவினால் அல்ல. அந்த வயதில் அவள் எங்கள் வகுப்பில் பக்கத்துக் கதிரையில் இருந்திருக்கக்கூடிய ஒருத்தி.

போலந்து நாட்டின் வார்சோ நகரில் 1867 நவம்பர் 7ஆம் திகதி பிறந்தாள். பெயர் மரியா ஸ்க்லொடோவ்ஸ்கா. ஐந்து பிள்ளைகளில் கடைசி. தந்தை கணிதமும் பௌதிகவியலும் கற்பித்த ஆசிரியர். தாய் ஒரு பெண்கள் பாடசாலையின் அதிபராக இருந்தவர். போலந்து நாடு என்றேனே, உண்மையில் அப்போது அப்படியொரு நாடே உலகப் படத்தில் இருக்கவில்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகள் அதைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தன. வார்சோ ரஷ்யாவின் பங்கில் இருந்தது. பாடசாலையில் சொந்த மொழியில் கற்பிக்கத் தடை. போலந்தின் வரலாறும் தடை.

அவள் சிறுவயதில் படித்த பாடசாலையில் இரண்டு நேரசூசிகள் இருந்தன. ஒன்று அதிகாரிகள் பார்ப்பதற்கு, மற்றையது உண்மையில் நடப்பது. நேரசூசியில் தாவரவியல் என்று எழுதியிருக்கும் பாடவேளையில் போலந்து வரலாறு நடக்கும். ரஷ்யக் கல்விப் பரிசோதகர் வாசலுக்கு வந்தால் மணி ஒரு குறிப்பிட்ட விதமாக ஒலிக்கும். உடனே பிள்ளைகள் புத்தகங்களை ஒளித்துவிட்டுத் துணியும் ஊசியும் எடுத்துப் பொத்தான் துளை தைக்கத் தொடங்கிவிடுவார்கள். ஒருநாள் அப்படி வந்த பரிசோதகர் ஒரு மாணவியை எழுப்பச் சொன்னார். ஆசிரியை வழக்கம்போல் மரியாவையே எழுப்பினார். வகுப்பில் ரஷ்ய மொழி மிக நன்றாகத் தெரிந்தவள் அவள்தான். சார் மன்னர்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னாள். நம்மை ஆள்பவர் யார் என்ற கேள்விக்கும் அவர் எதிர்பார்த்த பதிலையே சொன்னாள். பரிசோதகர் திருப்தியோடு போன பிறகு அழுதாள். ஒரு வார்த்தையும் பிழைக்கவில்லையே, ஏன் அழுதாள் என்று சிறிய வகுப்புப் பிள்ளை ஒருவேளை கேட்கலாம். எங்கள் வயதில் அது புரியும்.

அவளுக்கு எட்டு வயதிருக்கும்போது மூத்த சகோதரி டைபஸ் காய்ச்சலில் இறந்தாள். பத்து வயதில் தாய் காசநோயில் இறந்தார். தாய் தனது நோய் பிள்ளைகளுக்குத் தொற்றிவிடும் என்று பயந்து அவர்களை முத்தமிடாமலே இருந்திருக்கிறார். தந்தையின் வருமானம் குறைந்து, வீட்டில் வேறு மாணவர்களைத் தங்கவைத்து உணவு கொடுத்துப் பிழைக்கவேண்டியிருந்தது. தாயின் இடத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்டவள் பிரோனியா. மரியாவின் அக்கா. இந்தப் பிரோனியாவை வாசகிகள் மறந்துவிடக் கூடாது. இந்தக் கதையில் பாதி அவளுடையது.

1883இல் மரியா தங்கப் பதக்கத்தோடு பாடசாலைப் படிப்பை முடித்தாள். அதற்குமேல் வழியில்லை. வார்சோப் பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நகரத்தில் இரகசியமாக ஒரு வகுப்பு நடந்தது. அதைப் பறக்கும் பல்கலைக்கழகம் என்று அழைத்தார்கள். இன்று ஒருவர் வீட்டில், நாளை இன்னொருவர் வீட்டில் என்று பொலிசுக்குத் தெரியாமல் இடம் மாறிக்கொண்டேயிருந்ததால் அந்தப் பெயர். அக்காவும் தங்கையும் அதில் சேர்ந்தார்கள். ஆனால் பிரோனியாவின் கனவு மருத்துவம். அதற்குப் பாரிசுக்குத்தான் போகவேண்டும். அவள் சேர்த்து வைத்திருந்த பணம் ஒரு வருடத்துக்குத்தான் காணும். மருத்துவப் படிப்போ ஐந்து வருடம்.

கணக்கில் கெட்டிக்காரியான தங்கை ஒரு வழி சொன்னாள். இருவரும் தனித்தனியாகச் சேமித்தால் இருவருமே போகமாட்டோம். நீ முதலில் போ. நான் ஒரு வீட்டில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் வேலைக்குப் போய்ச் சம்பளத்தை அனுப்புகிறேன். நீ டொக்டரான பிறகு என்னைக் கூப்பிடு. அப்போது மரியாவுக்கு வயது 17. நானே முதலில் போகிறேன் என்று அவள் சொல்லியிருந்தாலும் யாரும் தவறு கண்டிருக்கமாட்டார்கள். தங்கப் பதக்கம் அவளுடையது.

1886 ஜனவரியில், வார்சோவிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீற்றர் வடக்கே ஷ்சுக்கி என்ற கிராமத்துக்குப் போனாள். முதலில் ரயில், பிறகு பனியில் இழுபடும் குதிரை வண்டி. காடும் புல்வெளியும் இருக்கும் என்று நினைத்துப் போனவளுக்கு ஜன்னலைத் திறந்ததும் தெரிந்தது சீனித் தொழிற்சாலையின் புகைபோக்கி. சுற்றிலும் சீனி எடுக்கும் பீட்கிழங்குத் தோட்டம். வருடத்துக்கு 500 ரூபிள் சம்பளம். அந்த வீட்டின் மூத்த மகளுக்கு அவளுடைய வயது, இளையவளுக்குப் பத்து. நாளொன்றுக்கு ஏழு மணித்தியாலம் பாடம்.

அந்த வேலையோடு அவள் நின்றுவிடவில்லை. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் எழுத்தறியாமல் சேற்றில் விளையாடுவதைப் பார்த்தாள். வீட்டுக்காரரின் மூத்த மகளைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு தன் அறையிலேயே அவர்களுக்குப் போலிஷ் மொழி எழுத வாசிக்கக் கற்பித்தாள். முற்றத்திலிருந்து அறைக்கு வர ஒரு தனிப் படிக்கட்டு இருந்தது வசதியாகப் போயிற்று. கொப்பியும் பேனையும் வாங்கியது அவளுடைய பணத்தில். பிடிபட்டால் சைபீரியாவுக்கு அனுப்பக்கூடிய குற்றம் அது. சில நாட்களில் எழுதப் படிக்கத் தெரியாத தாய் தந்தையரும் வந்து அறையின் பின்பக்கத்தில் நின்று, தங்கள் பிள்ளைகள் எழுத்துக் கூட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். மேரி கியூரியின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் எதுவென்று கேட்டால் ரேடியத்தைச் சொல்லமாட்டேன். இந்த அறையைத்தான் சொல்வேன்.

இரவில் எல்லோரும் தூங்கிய பின் அவளுடைய சொந்தப் படிப்பு. பௌதிகவியலும் கணிதமும். சந்தேகம் கேட்க ஆளில்லை. தந்தை கடிதத்தில் கணக்குகளை எழுதி அனுப்புவார், இவள் செய்து திருப்பி அனுப்புவாள். தபாலில் நடந்த டியூஷன் என்று சொல்லலாம்.

அந்த வீட்டின் மூத்த மகன் பல்கலைக்கழக விடுமுறையில் வந்தபோது அவளைத் திருமணம் செய்ய விரும்பினான். அவளுக்கும் சம்மதம். பெற்றோர் மறுத்துவிட்டார்கள். சம்பளத்துக்கு வேலை செய்யும் ஆசிரியை எங்கள் மருமகளா என்றொரு கோபம். பிள்ளைகளுக்கு அறிவு கொடுக்க அவள் தகுதியானவள், வீட்டுக்கு மருமகளாக வரத் தகுதியற்றவள். பிற்காலத்தில் அந்த இளைஞர் போலந்தின் பெயர்பெற்ற கணித மேதையானார். மரியா அவமானத்தோடு அன்றே புறப்பட்டிருக்கலாம். புறப்படவில்லை. பாரிசில் பிரோனியா அவளுடைய பணத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அதே வீட்டில், அதே மேசையில், ஒன்றும் நடக்காதவளாக இருந்து ஒப்பந்தம் முடியும்வரை கற்பித்தாள். மூன்றரை வருடங்கள்.

1890இல் பிரோனியாவிடமிருந்து கடிதம் வந்தது. படிப்பு முடியப் போகிறது, திருமணமும் நடக்கப் போகிறது, நீ வந்து எங்களோடு தங்கிப் படி என்று. ஆச்சரியம் என்னவென்றால் மரியா வரமுடியாது என்று பதில் எழுதினாள். இத்தனை வருடம் காத்திருந்த தைரியம் தீர்ந்து போயிருந்தது. முதுமையில் தந்தையைத் தனியே விட மனமில்லை. வார்சோவில் தந்தையோடு தங்கி மீண்டும் வீடுகளுக்குக் கற்பிக்கப் போனாள். அங்கே கைத்தொழில், விவசாய அருங்காட்சியகம் என்ற பெயரில் ஓர் இடம் இருந்தது. அவளுடைய உறவினர் ஒருவர் அதை நடத்தினார். பெயர்தான் அருங்காட்சியகம். உள்ளே ஆய்வுகூடம். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அங்கே போய் முதன்முறையாகத் தன் கையால் பரிசோதனைகளைச் செய்து பார்த்தாள். அதன் பிறகு அவளால் இருக்க முடியவில்லை.

1891 நவம்பரில் புறப்பட்டாள். வயது 24. ஜேர்மனிக்குள் செல்லும் நான்காம் வகுப்புப் பெட்டியில் இருக்கைகளே கிடையாது. அதனால் மடிக்கும் கதிரை ஒன்று, போர்வை, வழிக்குச் சாப்பாடு எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே கொண்டுபோனாள். தந்தையிடம் அவள் சொன்னது இதுதான். இரண்டு வருடம், மிஞ்சினால் மூன்று. பரீட்சைகளை முடித்துக்கொண்டு வந்துவிடுவேன். இங்கே ஆசிரியையாக வேலை பார்ப்பேன். இருவரும் ஒன்றாக இருப்போம்.

இந்த வரிகளைப் படித்தபோது அடுத்த அறையில் ராத்தா வாப்பாவிடம் ஏறக்குறைய இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பாரிசில் சோர்போன் பல்கலைக்கழகத்தில் பெயரைப் பதியும்போது மரியா, மேரி ஆனாள். போனதும் புரிந்தது, தனக்குத் தெரியும் என்று நினைத்த பிரெஞ்சு மொழி விரிவுரைக்குப் போதாது. தபாலில் படித்த கணிதமும் போதாது. விஞ்ஞான பீடத்தில் பெண்கள் மிகச் சிலர். முதலில் அக்கா வீட்டில் தங்கினாள். அங்கே வருவோர் போவோர் அதிகம், மச்சானுக்குப் பியானோவும் பேச்சும் அதிகம். பல்கலைக்கழகத்துக்குக் குதிரை பஸ்ஸில் ஒரு மணித்தியாலப் பயணம். ஆகவே பல்கலைக்கழகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் கூரையை ஒட்டிய மேல்மாடி அறை ஒன்றை வாடகைக்கு எடுத்தாள். நிலக்கரியைத் தானே ஆறு மாடி தூக்க வேண்டும். குளிர்கால இரவில் பாத்திரத்துத் தண்ணீர் உறைந்துவிடும். போர்வை போதாமல் உள்ள உடுப்புகளையெல்லாம் மேலே குவித்துக்கொண்டு படுப்பாள். உணவு பெரும்பாலும் பாணும் தேநீரும். ஒருநாள் தோழி ஒருத்தியின் முன்னால் மயங்கி விழுந்தாள். டொக்டரான மச்சான் ஓடிவந்து விசாரித்தபோது, முந்தின நாளிலிருந்து சாப்பிட்டது கொஞ்சம் முள்ளங்கியும் செரிப்பழமும் என்று தெரியவந்தது. அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போய் இறைச்சியும் உருளைக்கிழங்கும் கொடுத்துத் தேற்றினார்கள்.

இதைப் பெருமையாக எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சாப்பிட்டிருந்தாலும் அவள் முதலாவதாக வந்திருப்பாள். வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகள் வீட்டுக்குச் சொல்லாமல் மறைக்கும் விஷயங்களில் இது முதலாவது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

1893இல் பௌதிகவியலில் முதலாம் இடம். பணம் முடிந்திருந்தது. அந்த நேரம் போலந்திலிருந்து 600 ரூபிள் புலமைப்பரிசில் ஒன்று கிடைத்தது. மறுவருடம் கணிதத்தில் இரண்டாம் இடம். சில வருடங்கள் கழித்துத் தன் ஆராய்ச்சிக்குக் கிடைத்த முதல் ஊதியத்திலிருந்து அந்த 600 ரூபிளையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தாள். புலமைப்பரிசில் பணத்தை ஒருவர் திருப்பித் தருவது அந்தச் சபைக்காரர்கள் காணாத காட்சி. தன்னைப்போல இன்னொருத்தி எங்கோ காத்திருப்பாள் என்பது அவளது எண்ணம்.

1894 கோடையில் சொன்னபடியே வார்சோவுக்குத் திரும்பினாள். உம்மும்மாவின் கேள்விக்கு இங்கே ஒரு பதில் இருக்கிறது. திரும்பினாள், ஆனால் திரும்பியவளுக்கு இடம் இருக்கவில்லை. வார்சோப் பல்கலைக்கழகத்தின் கதவு பெண்களுக்கு மூடித்தான் இருந்தது. ஆஸ்திரியாவின் ஆட்சியில் இருந்த கிராகோவ் பல்கலைக்கழகத்திலும் பெண் என்பதால் இடம் மறுக்கப்பட்டதாக அவளது வாழ்க்கை வரலாறுகள் பல கூறுகின்றன. இதற்கிடையில் பாரிசில் பியர் கியூரி என்ற விஞ்ஞானி அவளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். எஃகின் காந்தத் தன்மை பற்றிய ஓர் ஆராய்ச்சிக்கு இடம் தேடியபோது அறிமுகமானவர். திருமணம் கேட்டார். நீ போலந்தில்தான் இருப்பாய் என்றால் நானும் அங்கே வந்து பிரெஞ்சு கற்பித்துப் பிழைக்கிறேன் என்றும் சொல்லிப் பார்த்தார். ஒரு பிரெஞ்சுக்காரரை மணந்தால் தந்தையையும் நாட்டையும் கைவிட்டதாகும் என்ற எண்ணம் அவளை விடவில்லை. பாரிசுக்குத் திரும்பிய பின்னும் மாதக்கணக்கில் யோசித்துத்தான் சம்மதித்தாள். 1895 ஜூலை 26ஆம் திகதி திருமணம். வார்சோவிலிருந்து தந்தையும் இன்னொரு சகோதரி ஹெலேனாவும் வந்தார்கள். கல்யாண உடுப்பாகக் கரும்நீலத் துணியைத் தெரிவு செய்தாள். பிறகு ஆய்வுகூடத்துக்கும் உடுத்துப் போகலாமே.

அடுத்த ஏழெட்டு வருடங்களைப் பாடப்புத்தகம் நன்றாகவே சொல்லும். மழைக்கு ஒழுகும் கொட்டகை ஒன்றில் தொன்கணக்கான பிட்ச்பிளெண்ட் தாதைக் காய்ச்சி, கிளறி, வடித்து 1902இல் ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்கு ரேடிய உப்பைப் பிரித்தெடுத்த கதை அது. நான் அதைவிட்டு, அதற்கு முன் 1898 ஜூலையில் கணவனும் மனைவியும் அறிவித்த முதல் மூலகத்தின் பெயரை மட்டும் குறிப்பிடுகிறேன். பொலோனியம். படத்தில் இல்லாத நாட்டை மூலகங்களின் அட்டவணையில் எழுதிவிட்டாள்.

1900இல் பாரிசுக்கு வெளியே செவ்ர் என்னும் இடத்திலிருந்த பெண்கள் ஆசிரியர் கல்லூரியில் பௌதிகவியல் விரிவுரையாளரானார். இனி அவர் என்று எழுதுவதே முறை. அந்தக் கல்லூரி, பெண்கள் பாடசாலைகளுக்கு ஆசிரியைகளை உருவாக்கிய இடம். அதுவரை அங்கே பௌதிகவியல் என்றால் பெரும்பாலும் கரும்பலகையும் குறிப்பெடுத்தலும். இவர் வந்து பாடநேரத்தைக் கூட்டி, மாணவிகளின் கையில் கருவிகளைக் கொடுத்தார். வீட்டில் சிறுகுழந்தை, கொட்டகையில் ரேடியம், இதற்கிடையில் ட்ராம் வண்டியில் போய்ப் பாடம். அவரிடம் அங்கே படித்த யூஜெனி கொத்தோன் என்ற மாணவி பிற்காலத்தில் அதே கல்லூரியின் தலைவியானார். தந்தையிடம் சொல்லிப் போன ஆசிரியை வேலை கிடைத்துவிட்டது. பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு.

1902 மே மாதம் வார்சோவிலிருந்து தகவல் வந்தது. தந்தைக்குப் பித்தப்பையில் சத்திரசிகிச்சை. புறப்பட ஆயத்தமானபோது இறந்துவிட்டார் என்ற தந்தி வந்தது. தான் வரும்வரை அடக்கம் செய்யவேண்டாம் என்று பதில் தந்தி அடித்தார். போய்ச் சேர்ந்தபோது பெட்டி மூடப்பட்டிருந்தது. திறக்கச் சொன்னார். திறந்து கொடுத்தார்கள். அந்த முகத்துக்கு முன்னால் நின்று, திரும்பி வராமல் போனதற்காக மன்னிப்புக் கேட்டார். தந்தை சில நாட்களுக்கு முன்தான், மகள் தூய ரேடிய உப்பைப் பிரித்தெடுத்த செய்தி கேட்டு மகிழ்ந்து கடிதம் எழுதியிருந்தார். இவ்வளவு பாடுபட்ட வேலைக்கு நடைமுறைப் பயன் இல்லையே என்று ஒரு ஆசிரியருக்கே உரிய குறையையும் அதில் சொல்லியிருந்தார். அதன் பின் ஒன்றரை வருடத்துக்குள் மகளுக்கு நோபல் பரிசு. அந்த ரேடியம் புற்றுநோயாளருக்கு மருந்தானதும் அவர் காணாதவை.

இந்தப் பகுதியை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வாசித்திருக்கக் கூடாது என்று பிறகு தோன்றியது. உம்மா கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, அந்தக் காலத்தில் இப்போதைப் போல விமானம் இல்லைதானே என்று மட்டும் சொன்னார்.

1906 ஏப்ரல் 19, மழை நாள். பாரிஸ் வீதியைக் கடக்கும்போது பாரமேற்றிய குதிரை வண்டியில் அடிபட்டுப் பியர் இறந்தார். இரண்டு பெண் குழந்தைகள், இளையவளுக்கு ஒரு வயதுதான். அரசாங்கம் உதவிப்பணம் கொடுக்க முன்வந்தது. உழைத்துப் பிள்ளைகளை வளர்க்கும் வயது எனக்கு இருக்கிறது என்று மறுத்துவிட்டார். பியர் சோர்போனில் கற்பித்த பாடத்தை அவரிடமே ஒப்படைத்தார்கள். அங்கே ஒரு பெண் கற்பிப்பது அதுவே முதல் தடவை. நவம்பர் 5ஆம் திகதி முதல் விரிவுரை. விதவை என்ன சொல்லப் போகிறார், கணவரை எப்படிப் புகழ்வார், அழுவாரா என்று பார்க்கப் பிரமுகர்களும் பத்திரிகைக்காரர்களும் மண்டபத்தை நிரப்பியிருந்தார்கள். அவர் உள்ளே வந்தார். கைதட்டல் ஓயக் காத்திருந்தார். பியர் எந்த இடத்தில் பாடத்தை நிறுத்தியிருந்தாரோ அந்த இடத்திலிருந்து தொடங்கினார். பாடம் முடிந்ததும் போய்விட்டார்.

பாடசாலைகளில் பிள்ளைகள் நாள் முழுக்க அடைந்து கிடக்கிறார்கள் என்பது அவரது குறை. தன்னோடு வேலை செய்த பேராசிரியர்கள் சிலரோடு சேர்ந்து, தங்கள் பிள்ளைகள் பத்துப் பேருக்குத் தாங்களே கற்பிப்பதென்று முடிவு செய்தார்கள். ஏறக்குறைய இரண்டு வருடம் நடந்தது. பௌதிகவியல் இவருடையது. மையில் தோய்த்த உருண்டையைச் சாய்ந்த பலகையில் எறிந்து அது விட்டுச்செல்லும் வளைகோட்டைப் பார்க்கச் சொல்வார். ஒருமுறை, பாத்திரத்திலுள்ள சூடான நீர் ஆறாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேட்டார். கம்பளியால் சுற்றலாம், அதைச் செய்யலாம், இதைச் செய்யலாம் என்று மேதைகளின் பிள்ளைகள் எல்லோரும் மேதாவித்தனமாகப் பதில் சொன்னார்கள். நானென்றால் முதலில் மூடியை மூடுவேன் என்றார் மேரி. அந்த வகுப்பில் இருந்த ஒரு சிறுமி எழுதி வைத்த குறிப்புகள் நூறு வருடங்களுக்குப் பின் புத்தகமாகவே வந்துவிட்டன.

இத்தனைக்குப் பிறகும் பிரான்சில் சிலருக்கு அவர் அந்நியர்தான். 1911இல் விஞ்ஞானக் கழகத்தின் உறுப்பினர் தேர்தலில் மிகச் சில வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டார். அந்த வருடம் சில பத்திரிகைகள் அவரது பிறப்பையும் சொந்த வாழ்க்கையையும் வீதிக்கு இழுத்தன. அதே வருடம்தான் இரண்டாவது நோபல் பரிசும் வந்தது. பரிசு வந்தால் எங்கள் விஞ்ஞானி, இல்லாவிட்டால் வெளிநாட்டுக்காரி. இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத ஆசிரியை அனுமதிக்கமாட்டார்.

1912இல் வார்சோவிலிருந்து ஒரு குழுவினர் அவரைத் தேடி வந்தார்கள். புகழ்பெற்ற நாவலாசிரியர் சியன்கியேவிச்சும் அவர்களில் ஒருவர். நாட்டுக்குத் திரும்பி வாருங்கள், உங்களுக்கு ஓர் ஆய்வுகூடம் கட்டித் தருகிறோம் என்றார்கள். 18 வருடங்களுக்கு முன் யாராவது ஒருவர் இதைச் சொல்லியிருந்தால்! இப்போது பாரிசில் பியரின் பெயரால் ரேடிய ஆய்வகம் எழுந்துகொண்டிருந்தது. உடல்நலமும் கெட்டிருந்தது. போகவில்லை. ஆனால் தூரத்திலிருந்தே அந்த ஆய்வுகூடத்தை நடத்திக்கொடுக்க ஒப்புக்கொண்டு, தன்னிடமிருந்த சிறந்த போலந்து உதவியாளர்கள் இருவரை அங்கே அனுப்பினார். 1913இல் அதன் திறப்புவிழாவுக்குப் போனவர், வாழ்நாளில் முதல்முறையாகத் தன் தாய்மொழியில் விஞ்ஞான விரிவுரை நிகழ்த்தினார். அப்போது போலந்துப் பெண்கள் அவருக்கு ஒரு விருந்து வைத்தார்கள். விருந்தினர்களுக்கிடையில் ஒரு முதிய அம்மா இருந்தார். மேரி எழுந்து, மேசைகளைத் தாண்டிப் போய் அந்த அம்மாவின் இரு கன்னங்களிலும் முத்தமிட்டார். இரண்டு நேரசூசி வைத்திருந்த அந்தச் சின்னப் பாடசாலையின் அதிபர் அவர்.

முதல் உலகப் போரில் எக்ஸ்ரே கருவிகள் பொருத்திய வாகனங்களோடு போர்முனைக்குப் போனதையும், 17 வயது மகள் ஐரீனையும் அழைத்துக்கொண்டதையும் பலர் எழுதியிருக்கிறார்கள். அவர் அங்கேயும் ஆசிரியைதான். ஏறக்குறைய 150 பெண்களுக்கு எக்ஸ்ரே எடுக்கப் பயிற்சி கொடுத்தார். சாதாரணப் பெண்கள் பலர் அவர்களில் இருந்தார்கள்.

அவருடைய பாரிஸ் ஆய்வுகூடத்துக்கு வேறு நாட்டுப் பெண்களும் படிக்க வந்தார்கள். நோர்வேயிலிருந்து 1907இல் வந்த எல்லன் கிளெடிச் ஐந்து வருடம் அவரிடம் வேலை பழகி, தன் நாட்டுக்குத் திரும்பி, 1929இல் ஒஸ்லோவில் பேராசிரியரானார். திரும்பிய பிள்ளைக்கு அங்கே இடம் இருந்தது.

1918இல் போலந்து மீண்டும் உலகப் படத்துக்கு வந்தது. வார்சோவில் ஒரு ரேடிய நிறுவனம் அமைக்க வேண்டும், அங்கே ஆராய்ச்சியும் நடக்க வேண்டும், புற்றுநோய் சிகிச்சையும் நடக்க வேண்டும் என்பது மேரியின் விருப்பம். அதை வார்சோவில் நின்று கட்டி எழுப்பியது யார் என்று நினைக்கிறீர்கள்? பிரோனியாதான். டொக்டரான அவள் எப்போதோ கணவரோடு நாட்டுக்குத் திரும்பி மருத்துவமனை நடத்தியவள். ஒரு செங்கல் வாங்கித் தாருங்கள் என்று தபாலட்டை அச்சடித்து நாடெங்கும் பணம் திரட்டினாள். கட்டடம் எழுந்தது, உள்ளே வைக்க ரேடியம் இல்லை. 1929இல் மேரி இரண்டாம் முறையாக அமெரிக்காவுக்குப் போனார். முதல் பயணத்தில், 1921இல், அமெரிக்கப் பெண்கள் சேர்த்துக் கொடுத்த ஒரு கிராம் ரேடியம் அவரது பாரிஸ் ஆய்வுகூடத்துக்கு. இந்த முறை கேட்டு வாங்கியது வார்சோவுக்கு. 1932 மே மாதம் நிறுவனம் திறக்கப்பட்டது. அதன் பொறுப்பு பிரோனியாவிடம். 47 வருடங்களுக்கு முன் நீ முதலில் போ என்று தங்கை சொன்ன ஒப்பந்தம் அப்போதும் முடியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. மேரி போலந்தை அதன் பின் பார்க்கவில்லை.

1934 ஜூலை 4ஆம் திகதி, தனது 66ஆவது வயதில், பிரான்சின் மலைப்பகுதிச் சிகிச்சை நிலையம் ஒன்றில் இறந்தார். இரத்தம் உற்பத்தியாகாத நோய். ரேடியம் கொடுத்தது. பாரிசுக்குப் பக்கத்தில் உள்ள சோ என்ற ஊரில் பியரின் அருகே அடக்கம் செய்தார்கள். பிரமுகர்கள், பேச்சுகள் எதுவும் இல்லை. பிரோனியாவும் சகோதரர் யோசெப்பும் வார்சோவிலிருந்து வந்திருந்தார்கள். கொண்டுவந்த போலந்து மண்ணை அவர்கள் குழிக்குள் தூவினார்கள்.

ராத்தா பெப்ரவரியில் புறப்பட்டார். போகும்போது இந்தப் புத்தகத்தைக் கேட்டார். கல்லூரி நூலகத்துடையது என்பதால் கொடுக்கவில்லை.